பூட்டு உடையவே இல்லை, அப்புறம் மெசேஜ் எப்படி வெளிய வந்துச்சு?

(பேச்சின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு என்க்ரிப்ஷன் பத்திப் பேசப்போறோம். தமிழ்ல மறையாக்கம்னு சொல்றாங்க. கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும். பேப்பர், பேனா பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது.

முதல்ல ஒரு கேள்வி. இந்தக் கேள்வி கள்ளக்குறிச்சியில இருந்து வருது.

2022 ஜூலை. சின்னசேலம் பக்கத்துல கனியாமூர். அங்க ஒரு தனியார் பள்ளி விடுதியில தங்கிப் படிச்ச பிளஸ் டூ மாணவி ஜூலை 13-ஆம் தேதி இறந்துபோனாங்க. நியாயம் கேட்டுப் போராட்டம் நடந்தது. 17-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அது கலவரமா மாறுச்சு. பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தினாங்க, பள்ளிக்கூடத்தைச் சூறையாடினாங்க, போலீஸ்காரங்க காயம்பட்டாங்க, 144 தடை உத்தரவு போட்டாங்க. அந்தப் பொண்ணோட மரணம் பத்தின வழக்கு தனி. அதைப் பத்தி இங்க நான் எதுவும் பேசப்போறதில்லை. கலவரத்துக்கு அப்புறம் போலீஸ் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்குவோம். ஆட்களைத் திரட்ட வாட்ஸ்அப் குழுக்கள் பயன்பட்டிருக்குன்னு சொன்னாங்க. குழு அட்மின்கள் சிலரைக் கைதும் செஞ்சாங்க.

இப்போ கேள்வி. வாட்ஸ்அப்ல எந்த சாட்டைத் திறந்தாலும் மேல ஒரு மஞ்சள் பெட்டி வரும். இந்த சாட்டுல இருக்கிறவங்க மட்டும்தான் இதைப் படிக்க முடியும்னு அதுல எழுதியிருக்கும். அது உண்மைன்னா குழுக்குள்ள ஓடின பேச்சு எப்படி வெளிய வந்துச்சு? அது பொய்யின்னா நாமெல்லாம் ஏன் அதை நம்பி உட்கார்ந்திருக்கோம்?

என் பதில்: அந்த மஞ்சள் பெட்டியில இருக்கிறது உண்மை. குழுப் பேச்சு வெளிய வந்ததும் உண்மை. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்னு புரிஞ்சா, என்க்ரிப்ஷன்ல முக்கால்வாசி புரிஞ்சமாதிரி.

பறி, காரை, சொல்விளம்பி

பள்ளிக்கூடத்துல குழூஉக்குறி படிச்சிருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் பறின்னு சொல்லுவாங்க. யானைப்பாகர் ஆடையைக் காரைன்னு சொல்லுவாங்க. வேடர் கள்ளைச் சொல்விளம்பின்னு சொல்லுவாங்க. கள்ளுக்குச் சொல்விளம்பின்னு பேரு வச்சவர் கண்டிப்பா அனுபவசாலி!

இது ரகசியப் பேச்சுதான். ஆனா ரகசியம் எங்க இருக்கு? எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்ங்கிற அந்தப் பட்டியல்ல இருக்கு. பட்டியல் வெளிய வந்த நிமிஷமே கதை முடிஞ்சது. வெளிய வந்துச்சா? இலக்கணப் புத்தகத்துலயே உதாரணமா ஏறிடுச்சு. தமிழ்நாட்டுல பத்தாவது படிச்ச எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த படி, எழுத்தை மாத்துறது. ரோமாபுரி ஜூலியஸ் சீசர் பயன்படுத்தினதா சொல்ற முறை. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலா, வரிசையில சில இடம் தள்ளி இருக்கிற எழுத்தை எழுதணும். தமிழ்ல செஞ்சு பார்ப்போம். க, ங, ச, ஞன்னு 18 மெய் வரிசை இருக்கு. உயிரைத் தொட வேண்டாம், மெய்யை மட்டும் மூணு இடம் தள்ளுவோம். மலைங்கிற சொல்லை எடுங்க. ம-வுக்கு அப்புறம் ய, ர, ல. அதனால ம போய் ல ஆகுது. ல-வுக்கு அப்புறம் வ, ழ, ள. அதனால லை போய் ளை ஆகுது. மலை, லளைன்னு ஆகிடுச்சு.

இங்க புதுசா ஒண்ணு வந்திருக்கு, கவனிச்சீங்களா? முறை ஒண்ணு, எண் ஒண்ணு. எழுத்தைத் தள்ளுங்கிறது முறை. எத்தனை இடம்ங்கிற எண்தான் சாவி. நம்ம சாவி 3. ஆனா மொத்தமே 17 சாவிதான் இருக்க முடியும். ஒரு டீ குடிக்கிற நேரத்துல 17-ஐயும் போட்டுப் பார்த்துடலாம்.

சரி, வரிசையா தள்ளாம கலைச்சுப் போட்டா? க-வுக்கு ழ, ங-வுக்கு ப, இப்படி இஷ்டத்துக்கு. 18 எழுத்தைக் கலைச்சு அடுக்க சுமார் 64 கோடி கோடி வழி இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க மனுஷ ஆயுசு பத்தாது. ஆனாலும் இது உடையும். ஒன்பதாம் நூற்றாண்டுலயே பாக்தாத்துல அல் கிந்திங்கிற அறிஞர் உடைக்கிற வழியை எழுதி வச்சிருக்கார். எந்தக் குறி எத்தனை தடவை வருதுன்னு எண்ணு, அவ்வளவுதான். தமிழ்ல க, த அடிக்கடி வரும், ஞ அபூர்வம். அதோட நம்ம மொழிமுதல் விதியும் இருக்கு. ட, ண, ற, ன, ழ, ள எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. ரகசியக் கடிதத்துல ஒரு குறி எந்தச் சொல்லோட முதல்லயும் வரலைன்னா, அது இந்தக் கூட்டத்துல ஒண்ணுன்னு சந்தேகப்படலாம். க்க, த்த, ப்பன்னு இரட்டிக்கிற பழக்கமும் காட்டிக்கொடுக்கும். எழுத்தை மாத்தினாலும் மொழியோட நடை மாறலை. நடையை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்.

இதுல இருந்து ரெண்டு பாடம். சாவிகளோட எண்ணிக்கை பெருசா இருக்கணும். மொழியோட நடையும் தெரியாமப் போகணும்.

முறை எல்லாருக்கும் தெரியட்டும்

1883-ல ஒகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ்ங்கிற மொழியறிஞர் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒண்ணுல ஒரு கட்டுரை எழுதினார். அதுல அவர் வச்ச விதி இன்னைக்கு வரைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை. உன் முறை எதிரி கையில சிக்கினாலும் ரகசியம் ரகசியமாவே இருக்கணும், சாவியை மட்டும் மறைச்சா போதும்னு சொன்னார்.

முதல் தடவை கேட்கும்போது இது தலைகீழா தெரியும். முறையையும் சேர்த்து மறைச்சா இன்னும் பாதுகாப்புதானே? இல்லை. பூட்டு செய்யறவர் ஒருத்தர், "என் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு சொல்றார்னு வைங்க. அதுல ஓட்டை இருந்தா அதை முதல்ல கண்டுபிடிக்கப் போறது திருடன்தான். இன்னொருத்தர் பூட்டைப் பிரிச்சு நடுத்தெருவுல வைக்கிறார். ஊர்ல இருக்கிற அத்தனை கொல்லரும் இருபது வருஷம் நோண்டிப் பார்த்தும் திறக்க முடியலை. நீங்க எந்தப் பூட்டை வாங்குவீங்க?

ஏஇஎஸ் அப்படி வந்த பூட்டுதான். 1997-ல அமெரிக்காவோட தரநிர்ணய நிறுவனம் உலகத்துக்கே பொதுவா ஒரு போட்டி அறிவிச்சது. யோன் டாமன், வின்சென்ட் ரைமன்ங்கிற பெல்ஜியம்காரங்க ரெண்டு பேர் கொடுத்த முறை ஜெயிச்சு, 2001-ல தரமா வந்துச்சு. அது எப்படி வேலை செய்யுதுங்கிறது ஒவ்வொரு வரியும் பொதுவெளியில இருக்கு. வங்கி செயலி, வைஃபை, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் அது ஓடுது.

உள்ளே என்ன நடக்குது? உங்க மெசேஜை 16 பைட் கட்டங்களா வெட்டும். ஒவ்வொரு கட்டத்துலயும் நாலு வேலை: பைட்டுகளை ஒரு அட்டவணைப்படி மாத்து, வரிசைகளை நகர்த்து, பத்திகளைக் கலக்கு, சாவியோட ஒரு பகுதியைச் சேர். இதையே பத்துச் சுற்று செய்யும். பெரிய சாவின்னா 14 சுற்று. புரோட்டாவுக்கு மாவு பிசையறமாதிரி யோசிங்க. ஒரு தடவை மடிச்சா எண்ணெய் எங்க ஊத்தினோம்னு தெரியும். பத்துத் தடவை மடிச்சு, வீசி, சுருட்டினா எந்த மூலையில ஊத்தினதுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வித்தியாசம், சாவி கையில இருந்தா ஏஇஎஸ்ல இந்த மாவை அப்படியே பழையபடி பிரிச்சுடலாம்.

சாவி எண்ணிக்கை? சின்ன அளவு 128 பிட். அப்படின்னா 2-ஐ 128 தடவை பெருக்கணும், 39 இலக்க எண் வரும். ஒரு கம்ப்யூட்டர் நொடிக்குக் கோடி கோடி சாவியைச் சோதிக்குதுன்னு வைங்க. எல்லாத்தையும் சோதிச்சு முடிக்க, பிரபஞ்சத்தோட வயசு மாதிரி சுமார் 78 லட்சம் மடங்கு காலம் ஆகும். வாட்ஸ்அப் பயன்படுத்தறது 256 பிட் சாவி, அந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

பஸ்ஸுல போற சாவி

இப்போ நிஜமான சிக்கலுக்கு வருவோம். பூட்டு நல்ல பூட்டு. சாவியை எப்படிக் கொடுத்து அனுப்பறது?

ஒரு கற்பனை. கல்வராயன் மலையில வெள்ளிமலையில ஒரு அக்கா. அந்த மலையில சாராய ஊறல் போடுறதும் போலீஸ் போய் அழிக்கிறதும் பல வருஷமா நடக்கிற கதை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு அப்புறம் இந்த மாவட்டத்துல, எங்க காய்ச்சறாங்க, யார் விக்கிறாங்கங்கிற தகவல் ஒரு உயிர் விஷயம். அக்காவுக்கு அது தெரியும். கீழே கள்ளக்குறிச்சியில இருக்கிற ஒரு அதிகாரிக்குச் சொல்லணும். நம்ம கதையில ஃபோன் கிடையாது. மலையில இருந்து கச்சிராயபாளையம் வழியா இறங்கற பஸ்ஸுல சீட்டு கொடுத்து அனுப்பலாம், ஆனா பஸ்ஸுல இருக்கிற எல்லாரும் அந்தச் சீட்டைப் படிப்பாங்க. ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி சந்திச்சதே இல்லை. பொதுவா ஒரு சாவி கிடையாது. சாவியைச் சீட்டுல எழுதி அனுப்பினா அதையும் பஸ்ஸே படிச்சுடும்.

ரொம்ப காலமா இதுக்கு வழியே இல்லைன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1976-ல விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன்ங்கிற ரெண்டு பேர் ஒரு வழியை வெளியிட்டாங்க. பேப்பரை எடுங்க.

எல்லாருக்கும் தெரியற மாதிரி ரெண்டு எண்: 5, 23. பஸ்ஸுல ஒட்டியே வச்சுடலாம்.

அக்கா மனசுக்குள்ள ஒரு எண் நினைச்சுக்கிறாங்க: 3. யாருக்கும் சொல்றதில்லை. 5-ஐ மூணு தடவை பெருக்கினா 125. அதை 23-ஆல வகுத்தா மீதி 10. இந்த 10-ஐ மட்டும் சீட்டுல எழுதி அனுப்பறாங்க.

அதிகாரி மனசுக்குள்ள நினைக்கிற எண்: 5. 5-ஐ அஞ்சு தடவை பெருக்கினா 3125. 23-ஆல வகுத்தா மீதி 20. 20-ஐ சீட்டுல எழுதி மேலே அனுப்பறார்.

இப்போ அக்கா கைக்கு 20 வந்திருக்கு. தன்னோட ரகசிய எண் 3. 20-ஐ மூணு தடவை பெருக்கினா 8000. 23-ஆல வகுத்தா மீதி 19.

அதிகாரி கைக்கு 10 வந்திருக்கு. தன்னோட ரகசிய எண் 5. 10-ஐ அஞ்சு தடவை பெருக்கினா ஒரு லட்சம். 23-ஆல வகுத்தா மீதி... 19!

ரெண்டு பேர்கிட்டயும் ஒரே எண். 19 எந்தச் சீட்டுலயும் எழுதப்படவே இல்லை. பஸ்ஸுல இருக்கிறவங்க பார்த்தது 5, 23, 10, 20 மட்டும்தான். மாயம் எதுவும் இல்லை. ரெண்டு பேருமே கடைசியில 5-ஐ பதினஞ்சு தடவை பெருக்கியிருக்காங்க, வேற வேற வரிசையில.

பஸ்ஸுல இருக்கிற ஒருத்தர் புத்திசாலியா இருந்தா? "5-ஐ எத்தனை தடவை பெருக்கி வகுத்தா மீதி 10 வரும்?"னு ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்பார். நம்ம சின்ன எண்ணுக்கு மூணாவது தடவையே மாட்டிக்குவோம். அதனால நிஜத்துல 23-க்குப் பதிலா அறுநூறு இலக்கத்துக்கு மேல இருக்கிற எண்ணைப் போடுவாங்க. பெருக்கி மீதி எடுக்கிறது கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டற நேரம். மீதியில இருந்து திரும்பிப் போக இன்னைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நல்ல வழி தெரியாது. போறதுக்கு வழி உண்டு, திரும்பி வர வழி இல்லை. மொத்த வித்தையும் இதுதான். வாட்ஸ்அப்ல எண்களுக்குப் பதிலா வளைகோடுகள் மேல இதே விளையாட்டு நடக்குது.

இப்படிக் கிடைச்ச பொதுச் சாவியை ஏஇஎஸ் பூட்டுல போட்டா வேலை முடிஞ்சது. நீங்க ஒரு வங்கி இணையதளத்தைத் திறக்கும்போது முதல் நொடிக்குள்ள நடக்கிறதும் இதே ரெண்டு படிதான்: முதல்ல சாவி ஒப்பந்தம், அப்புறம் பூட்டு.

ஒரு ஓட்டை பாக்கி இருக்கு. 20-ங்கிற சீட்டு அதிகாரிகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்? சாராய வியாபாரியோட ஆள் நடுவுல சீட்டை வாங்கி வச்சுக்கிட்டு, தன்னோட எண்ணை அனுப்பினா? அக்காகூட ஒரு சாவி, அதிகாரிகூட ஒரு சாவின்னு போட்டுக்கிட்டு நடுவுல உட்கார்ந்து எல்லாத்தையும் படிப்பான். இதைக் கணக்கால மட்டும் தடுக்க முடியாது. இணையதளங்களுக்குச் சான்றிதழ்னு ஒரு ஏற்பாடு இருக்கு. வாட்ஸ்அப்ல, ஒருத்தரோட சாட் விவரத்துக்குள்ள போய் என்க்ரிப்ஷன்னு இருக்கிறதைத் தொட்டா 60 இலக்க எண் வரும். எதிர்ல இருக்கிறவர் ஃபோன்லயும் அதே எண் இருந்தா நடுவுல யாரும் இல்லைன்னு அர்த்தம். நேர்ல பார்க்கும்போது கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணியும் சரிபார்க்கலாம். நூத்துல ஒருத்தராவது இதைச் செஞ்சிருப்போமா?

முனையில இருக்கிறது யாரு

வாட்ஸ்அப் 2016 ஏப்ரல்ல எல்லாருக்கும் முழு என்க்ரிப்ஷனைக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கிறது சிக்னல் நெறிமுறை. அதுல இன்னும் ஒரு அழகு, ஒவ்வொரு மெசேஜுக்கும் சாவி மாறிக்கிட்டே இருக்கும். ஒரு சாவி எப்படியோ கிடைச்சாலும் அதை வச்சு நேத்து அனுப்பின மெசேஜைத் திறக்க முடியாது.

இதை எண்ட் டு எண்ட்னு சொல்றாங்க. ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும். அந்தச் சொல்லை மெதுவா படிங்க. முனை வரைக்கும்தான். முனையில, அதாவது ஃபோன் திரையில, மெசேஜ் வெறும் எழுத்தா இருக்கு. இல்லைன்னா நீங்க படிக்கவே முடியாதே!

ரெண்டு பேர் பேசினா ரெண்டு முனை. முந்நூறு பேர் குழுவுல முந்நூறு முனை. அதுல ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். ஒருத்தர் ஃபோனை போலீஸ் வாங்கிப் பார்க்கலாம். ஒருத்தர் போலீஸாவே இருக்கலாம். ஒருத்தர் வீட்டுத் தம்பி அந்த ஃபோன்ல கேம் விளையாடிக்கிட்டு இருக்கலாம். இதுல எதுக்கும் ஏஇஎஸ்ஸை உடைக்க வேண்டாம்.

பேக்கப் இன்னொரு வழி. மெசேஜ்கள் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகுது. 2021-ல இருந்து பேக்கப்பையும் பூட்டுற வசதியை வாட்ஸ்அப் கொடுக்குது, ஆனா அதை நீங்கதான் செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும்.

மூணாவது, உறை. கடிதம் பூட்டியிருந்தாலும் உறை மேல முகவரி இருக்கணும், இல்லைன்னா போய்ச் சேராது. எந்த எண், எந்தக் குழு, எப்போ, எந்த இணைய முகவரியில இருந்து? உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியாட்டியும் யார் யாரோட சேர்ந்தாங்கன்னு உறையே சொல்லிடும். குழுவோட அட்மின் யாருங்கிறது அந்தக் குழுவுல இருக்கிற எல்லாருக்கும் தெரியற விவரம்.

அதனால, கள்ளக்குறிச்சியில குழுப் பேச்சு வெளிய வர யாரும் கணக்கை ஜெயிக்க வேண்டிய தேவை இல்லை. பெரிய குழுன்னா, அது பூட்டின மண்டபம். உள்ளே இருக்கிற எல்லார் கையிலயும் ஒரு சாவி இருக்கு.

இடையில ஒரு வார்த்தை. டெலிகிராம்ல இதே பாதுகாப்பு இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அங்க சாதாரண சாட்டும் குழுக்களும் எண்ட் டு எண்ட் கிடையாது. ரெண்டு பேருக்குள்ள சீக்ரெட் சாட்னு தனியா திறந்தா மட்டும்தான் உண்டு.

முதல்ல அனுப்பினது யாரு

இந்த விவகாரத்துல ஒரு பெரிய சண்டை நம்ம சென்னையிலயே நடந்திருக்கு. 2018-ல சென்னை உயர் நீதிமன்றத்துல, சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் மாதிரி அரசு அடையாளத்தோட இணைக்கணும்னு மனு போட்டாங்க. ஆதார் பேச்சு நிக்கலை. ஆனா வழக்கு வேற கேள்விக்கு நகர்ந்தது: வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜை முதல்ல அனுப்பினவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி வெட்டியா வந்தது இல்லை. அதே 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, குழந்தை கடத்துறவங்கன்னு சந்தேகப்பட்டு கூட்டம் அடிச்சதுல ஒரு வயசான அம்மா செத்துப்போனாங்க. கோயிலுக்கு வந்தவங்க. அந்தச் சமயம் வாட்ஸ்அப்ல கடத்தல் வதந்தி நாடு முழுக்கச் சுத்திக்கிட்டு இருந்தது. அந்த வீட்டுல போய் நின்னு என்க்ரிப்ஷன் நல்லதுன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல கிளப்பிவிட்டவன் யாருன்னு கேட்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு.

2019-ல ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி நீதிமன்றத்துல ஒரு யோசனை கொடுத்தார். என்க்ரிப்ஷனை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு மெசேஜோடயும் முதல்ல அனுப்பினவர் யாருங்கிற குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம். எத்தனை பேர் ஃபார்வர்ட் பண்ணாலும் குறிப்பு கூடவே போகும். வேணும்னா அந்தக் குறிப்பையும் பூட்டி, நீதிமன்றம் கேட்டா மட்டும் கம்பெனி திறந்து கொடுக்கட்டும். ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதுக்கு எதிர்க்கருத்து கொடுத்தார். குற்றம் பண்ண நினைக்கிறவன் செயலியையே மாத்தி எழுதிப் பொய்க் குறிப்பு போடுவான், மாட்டப்போறது சாதாரண ஆள், எல்லாரோட அந்தரங்கமும் போகும்னு வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2021 பிப்ரவரியில மத்திய அரசோட புது ஐடி விதிகள் வந்தது. பெரிய மெசேஜ் செயலிகள், உத்தரவு வந்தா முதல்ல அனுப்பினவரைக் காட்டற வசதி வச்சிருக்கணும்னு சொல்லுச்சு. அந்த வருஷம் மே மாசம் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2024 ஏப்ரல்ல அங்க அவங்க வக்கீல், என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னா வாட்ஸ்அப் இங்க இருக்காதுங்கிற அர்த்தத்துல சொன்னது செய்தியா வந்தது.

நான் எந்தப் பக்கம்? நம்ம வெள்ளிமலை அக்காகிட்ட திரும்பிப் போறேன். அவங்க தகவலை அதிகாரி இன்னொருத்தருக்கு ஃபார்வர்ட் பண்றார். அவர் இன்னொருத்தருக்கு. எங்கயோ ஒரு இடத்துல அது சாராய வியாபாரிக்கு வேண்டப்பட்டவர் கைக்குப் போகுது. முதல்ல அனுப்பினவர் குறிப்பு கூடவே போயிருக்கு. அதைத் திறக்கிற சாவி ஒரு இடத்துல இருக்கு. அந்தச் சாவி நீதிபதி உத்தரவுக்கு மட்டும்தான் திறக்கும்னு சட்டம் சொல்லலாம். கணக்குக்கு உத்தரவு படிக்கத் தெரியாது. யார் கையில சாவி இருக்கோ அவங்களுக்குத் திறக்கும். லஞ்சம் கொடுத்து வாங்கினவனுக்கும் திறக்கும், திருடினவனுக்கும் திறக்கும்.

இன்னொரு பக்கம், வதந்தி கிளப்பறவனுக்குத் தப்பிக்கிறது சுலபம். ஃபார்வர்ட் பண்ணாம காப்பி பண்ணிப் புதுசா ஒட்டினா, ஒட்டினவர்தான் முதல் ஆள். அப்போ மாட்டறது அக்காவும், குடும்பக் குழுவுல காப்பி பேஸ்ட் பண்ற சித்தப்பாவும். இதனாலதான் நான் குறிப்பு வேண்டாம்ங்கிற பக்கம் நிக்கிறேன். போளூர் அம்மாவோட வீட்டுக்கு என் பக்கம் முழுப் பதில் சொல்லாதுன்னு தெரிஞ்சேதான் நிக்கிறேன்.

ஒண்ணுமே செய்ய முடியாதுன்னும் இல்லை. 2018-ல இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் குறைச்சது. 2020-ல, ரொம்பச் சுத்தின மெசேஜை ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம்னு இன்னும் குறைச்சது. இதுக்கு உள்ளே இருக்கிறதைப் படிக்கவே தேவையில்லை. எத்தனை கை மாறியிருக்குங்கிற எண்ணிக்கை போதும். ரகசியத்தைத் தொடாம வேகத்தைக் குறைக்கலாம். இந்த மாதிரி வழிகளை இன்னும் தேடணும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல சாட் பேக்கப்புக்குப் போய் என்க்ரிப்ஷனை ஆன் பண்ணுங்க. கடவுச்சொல்லைப் பத்திரமா வைங்க, மறந்தா பேக்கப்பைக் கம்பெனியாலயும் திறந்து கொடுக்க முடியாது. லிங்க்டு டிவைசஸ் திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருக்கான்னு பாருங்க. பழைய ஆபீஸ் லேப்டாப் இன்னும் உங்க சாட்டைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம். ரொம்ப முக்கியமான ஒருத்தரோடயாவது அந்த 60 இலக்க எண்ணை ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க.

கடைசியா, குழுவுல எதையாவது போடறதுக்கு முன்னாடி மேல இருக்கிற உறுப்பினர் எண்ணிக்கையைப் பாருங்க. உங்க மெசேஜுக்கு அத்தனை முனை. வழியெல்லாம் பூட்டு காவல் காக்கும். போய்ச் சேர்ந்த இடத்துல இருக்கிறது மனுஷங்கதான்.

பேப்பர்ல கணக்கு போட்டவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: அதே 5, 23. அக்காவோட ரகசிய எண் 4, அதிகாரியோடது 6. ரெண்டு பேருக்கும் கிடைக்கிற பொதுச் சாவி என்ன? ரெண்டு பக்கத்துல இருந்தும் போட்டுப் பாருங்க, ஒரே எண் வந்தா நீங்க சரி.